மூன்றாம் பேஸ் பக்கத்து நீலத் தொட்டி

கிருஷ்ணகிரி
5.11.2025

சானியா,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ என் நம்பரை பிளாக் செய்து ஒன்பது மாதம் ஆகிறது. அது போக, இந்த விளையாட்டு விடுதியில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் வார்டன் போனில் வீட்டுக்குப் பேசலாம், அவ்வளவுதான். தீபாவளிக்குப் பர்கூர் போனபோது உன் அத்தா கடையில் உன் ஓசூர் ஹாஸ்டல் விலாசத்தை வாங்கிக்கொண்டேன். "ரெண்டு பேரும் இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினுதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 10-ம் தேதி மாவட்ட சாஃப்ட்பால் அணிக்கு செலக்‌ஷன். என் ஃபீல்டிங்கில் எங்கள் கோச் மாதேஸ்வரன் சாருக்கு ஒரு குறையும் இல்லை. பேட்டை எடுத்தால்தான் மானம் போகிறது. இருபது பந்து போட்டால் மூன்று படுகிறது. நேற்று எல்லோர் முன்னாலும், "நீ பேட்ட சுத்தறது கொசு வெரட்டற மாதிரி இருக்குதும்மா" என்றார். அணியில் பெயர் வராவிட்டால் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடையாது. பரீட்சை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசன் வேலைதான். அம்மா இப்போதே அங்கே சொல்லி வைத்துவிட்டாள்.

நான்கு வருடம் நேருக்கு நேர் நின்று எனக்குப் பந்து வீசியவள் நீ. என் சுவிங் எங்கே கெட்டுப்போகிறது என்று உனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பிப்ரவரியில் நீ சொன்ன வார்த்தை இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்கிறேன்.

ரூபா


ஓசூர்
10.11.2025

ரூபா,

கிழிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் கிழிக்கக்கூடத் தெம்பில்லை.

வார்த்தை வலிக்கிறது என்கிறாய். எனக்கு என்ன வலிக்கிறது என்று கேட்டாயா? அது எனக்குக் கடைசிப் பள்ளிக்கூட ஆட்டம். ஏழு இன்னிங்ஸ் கை கழன்று போகிற மாதிரி வீசி ஒரே ஒரு ரன் எடுத்தால் போதும் என்று கொண்டுவந்து நிறுத்தினேன். கடைசியில் நீ மூன்று பந்தையும் காற்றில் விட்டுவிட்டு வந்தாய். ஜெயித்திருந்தால் நான் மாநிலப் போட்டிக்குப் போயிருப்பேன். அந்த ஆத்திரத்தில்தான் பயந்தாங்கொள்ளி என்றேன். அப்புறம் ஜூன் மாதம் விடுதியில் இடம் யாருக்கு? உனக்கு. எனக்கு இங்கே பிரேக் பாகங்களில் பிசிறு எடுக்கிற வேலை. தினமும் ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். சரி, இதைச் சொல்லிவிட்டேன், மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது.

உன் வியாதி பயம். பந்து வரும்போது நீ எங்கேயோ ஒதுங்குகிறாய், அது மட்டும் எனக்குத் தெரியும். மருந்து இதுதான்: யாரிடமாவது டென்னிஸ் பந்தைக் கொடுத்து உன் மேலேயே எறியச் சொல். பேட் வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு நில். முப்பது பந்து. பட்டால் வலிக்காது என்று உடம்புக்குப் புரிய வேண்டும்.

அன்புடன் என்று எழுத இன்னும் மனசு வரவில்லை.

சானியா


கிருஷ்ணகிரி
15.11.2025

சானியா,

முப்பது இல்லை, நாற்பது பந்து. என் அறைத்தோழி கவிப்ரியா எறிந்தாள். அவளுக்கு என் மேல் ஏற்கெனவே ஏதோ கோபம் போல, ஒரு பந்தையும் வீணாக்கவில்லை. தோளில், தொடையில், காதில் எல்லாம் பட்டது. நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மாதேஸ்வரன் சார் ஓடி வந்து, இது யார் கொடுத்த தண்டனை என்று கேட்டார். பயிற்சி என்றேன். "பாவம், வெயில் ஏறிடுச்சு போல" என்று சொல்லி நிழலில் உட்கார வைத்தார். அப்புறம் அவரே கடைசிப் பத்துப் பந்தையும் எறிந்து பார்த்துவிட்டு, "பொண்ணு அசையவே இல்லையே" என்றார்.

ஆகவே நான் பயந்தாங்கொள்ளி இல்லை. இதை நீ இரண்டு தடவை படிக்க வேண்டும்.

ஆனால் பேட்டை எடுத்தால் பழைய கதைதான். நேற்றும் இருபதுக்கு மூன்று.

உனக்கு அந்த இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. விடுதி லிஸ்ட் வந்த அன்று உன் பெயரைத்தான் முதலில் தேடினேன். நீ நம்பினால் நம்பு.

ரூபா


ஓசூர்
20.11.2025

ரூபா,

இரண்டு தடவை படித்தேன். போதுமா?

நம்புகிறேன்.

அப்படியென்றால் பயம் இல்லை, வேறு ஏதோ. எங்கள் லைனில் ஒரு பாகம் கெட்டுப்போனால் சூப்பர்வைசர் முதலில் திட்டமாட்டார், எந்த இடத்தில் கெட்டது என்று கேட்பார். திட்டு அதற்கப்புறம்தான். நானும் அந்த முறையில் போயிருக்க வேண்டும். உன்னை ஒன்று கேட்கிறேன். பேட் பந்தைத் தொடும் அந்த நேரத்தில் உன் கண்ணில் என்ன தெரிகிறது? பந்து தெரிகிறது என்று சும்மா எழுதாதே. இருபது பந்து ஆடு. ஒவ்வொன்றுக்கும் என்ன தெரிந்ததோ அதை அப்படியே எழுது.

சானியா


கிருஷ்ணகிரி
24.11.2025

சானியா,

நீ கேட்டபடி ஆடி, ஒவ்வொரு பந்துக்கும் நோட்டில் குறித்தேன். பட்டியலாக அனுப்பினால் நீ சிரிப்பாய். ஏனென்றால் இருபதில் பதினேழு தடவை எழுதியது ஒன்றுதான்: தண்ணீர்த் தொட்டி.

எங்கள் மைதானத்தில் மூன்றாம் பேஸ் பக்கம், பேட் பிடித்து நின்றால் எனக்கு இடது பக்கம், கோட்டுக்கு வெளியே, நீல பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. கீழே ஒரு விரிசல், அதை யாரோ சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். மூடி காணோம், பதிலுக்குத் தகரம் போட்டு மேலே கல் வைத்திருக்கிறது. பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் "குடிக்க அல்ல" என்று எழுதி, "அல்ல" பாதி உதிர்ந்துபோயிருக்கிறது. குழாயில் துணி கட்டியிருக்கிறது. பதினொன்றாவது பந்துக்கு அதன் மேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது.

மற்ற மூன்று தடவை பந்து தெரிந்தது. அந்த மூன்றும்தான் பேட்டில் பட்டது.

ரூபா


ஓசூர்
1.12.2025

அடியே ரூபா,

கம்பெனி பஸ்ஸில் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சீட்டு அக்கா எழுந்து வேறு இடம் போய்விட்டார். பந்து முன்னால் வருகிறது, இவள் மைனாவைப் பார்க்கிறாள். ஒரு தொட்டியைப் பற்றி இவ்வளவு எழுதியவள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

போன வாரம் எங்கள் லைனுக்குச் சாந்தம்மா என்று ஒருவர் புதிதாக வந்தார். உங்கள் பக்கம்தான், பத்து வருடம் குவாரியில் ஜல்லி உடைத்தவர். இங்கே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வார்ப்பில் ஒட்டியிருக்கும் பிசிறைச் சுத்தியால் தட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம் வெடுக்கென்று இடது பக்கம் போகிறது. அடி எங்கேயோ விழுகிறது. "கண்ணாடி போட்டுக்கினு எதுக்கும்மா திரும்பற?" என்று சூப்பர்வைசர் கேட்டார். சாந்தம்மா சொன்னார்: "நான் திருப்பல சார். கை எறங்கனா கழுத்து தானா திரும்பிடுது. கல்லு தெறிக்குமில்ல."

எனக்கு அங்கேயே கை நின்றுவிட்டது. எட்டாவது படிக்கும்போது உன் அப்பா அம்மா கல் உடைக்கிற குவாரிக் கொட்டகைக்கு உன்னோடு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா ஓங்கினார். சம்மட்டி இறங்கும்போது அங்கே இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பினார்கள். டீ தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நீயும் திருப்பினாய். நான் மட்டும் ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா என் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

உன் மேல் பந்து வந்தால் நீ அசைவதில்லை. உன் கை ஒன்றை அடிக்கப் போகும்போதுதான் கழுத்து திரும்புகிறது. அது பயம் இல்லை, ரூபா. நடக்கிற வயதிலிருந்து படிந்த பழக்கம். அதைப் போய் நான் அத்தனை பேர் முன்னால் பயந்தாங்கொள்ளி என்று சொன்னேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. இதை எழுத எனக்கு மூன்று தாள் செலவானது.

சாந்தம்மாவின் கழுத்து நான்கே நாளில் நின்றுவிட்டது, தெரியுமா? கண்ணாடி தன் கண்ணைக் காக்கும் என்று அவர் நம்பின அன்று நின்றது. அதனால் இந்தப் பார்சலில் ஒரு ஜோடி பாதுகாப்புக் கண்ணாடி வைத்திருக்கிறேன். ஸ்டோரில் கேட்டுத்தான் வாங்கினேன், திருடவில்லை. ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, பரவாயில்லை.

இனி செய்ய வேண்டியது. பந்துகளில் நெயில் பாலிஷால் பெரிதாக எண் எழுது. அடித்ததும் எண்ணைச் சத்தமாகச் சொல். சொல்ல முடியவில்லை என்றால், பந்து மைதானத்தைத் தாண்டிப் போயிருந்தாலும் அது கணக்கில் இல்லை. நிற்கும்போது தாடை இடது தோளைத் தொட வேண்டும், சுற்றி முடித்ததும் வலது தோளைத் தொட வேண்டும். தோள்தான் தாடையைத் தேடி வர வேண்டும், தாடை எங்கேயும் போகக் கூடாது.

அன்புடன் (போதுமா?)
சானியா


கிருஷ்ணகிரி
8.12.2025

சானியா,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அழுததை யாரும் பார்க்கக் கூடாது என்று. கவிப்ரியா கதவைத் தட்டி, "வயிறு சரியில்லியா?" என்று கேட்டாள்.

மன்னித்தாகிவிட்டது. இனி அதைப் பேச வேண்டாம்.

கண்ணாடி போட்ட முதல் நாளே எனக்கு வெல்டிங் ரூபா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். இருபதுக்கு ஒன்பது பட்டது. நான்கு எண்ணைச் சரியாகச் சொன்னேன். நெயில் பாலிஷ் தீர்ந்துபோய் வார்டன் மேடத்தின் சிவப்பு பாட்டிலைக் கேட்டு வாங்கினோம்.

ஆனால் ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் சத்தம் போடுகிறார். "மூஞ்சியத் திருப்பக் கத்துக் குடுத்தது யாரு? நானு. திருப்பலன்னா உன் கண்ணு எப்பவோ போயிருக்கும். கரியப்பன் கல்லு தெறிச்சி ஒத்தக் கண்ணோட இருக்கறத நீ பாக்கல? அந்தப் பழக்கத்தப் போயி மாத்தறன்னு சொல்றியே." நான் குவாரிக்கு வரும்போது மட்டும் திருப்பிக்கொள்கிறேன் என்றேன். "கழுத்துக்கு ஆட்டம் எது, கல்லு எதுன்னு தெரியுமா?" என்றார். அதோடு பத்து நிமிடமும் முடிந்துவிட்டது.

அன்றைக்கு மறுபடியும் இருபதுக்கு நான்குதான். கண்ணாடி போட்டும் தொட்டி தெரிந்தது. அப்பா சொன்னது காதிலேயே இருக்கிறது. அவர் சொல்வது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை. நான் என்ன செய்யட்டும்?

ரூபா


ஓசூர்
13.12.2025

ரூபா,

உன் அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உன் கண் இன்று இரண்டும் இருப்பது அவரால்தான். அதை அவரிடமே சொல், குளிர்ந்துபோவார். கூடவே இதையும் சொல்: எதுவும் தெறிக்காத இடத்தில் திரும்ப வேண்டாம். அவ்வளவுதான் நாம் கழுத்துக்குச் சொல்லிக் கொடுப்பது.

மீதியை எழுத்தில் சொல்ல முடியாது. 21-ம் தேதி ஞாயிறு எனக்கு வார விடுமுறை. காலை ஏழு மணிக்கு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடுவேன். உன் சாரிடம் சொல்லி வை. நான் பந்தைத் தொட்டுப் பத்து மாதம் ஆகிறது, எங்கே போகும் என்று தெரியாது. தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்.

சானியா


கிருஷ்ணகிரி
23.12.2025

சானியா,

கை எப்படி இருக்கிறது? நூற்றிருபது பந்து வேண்டாம், எண்பதோடு நிறுத்து என்று நானும் சாரும் சொன்னோம், கேட்டாயா? சுடிதாரோடும் கவிப்ரியாவின் பழைய ஷூவோடும் நீ அப்படி வீசுவாய் என்று யாரும் நினைக்கவில்லை. மாதேஸ்வரன் சார் அன்று சாயங்காலம் வரை, "அந்தப் பொண்ணு எங்க வேல செய்யுதுன்னு சொன்ன?" என்று மூன்று தடவை கேட்டார்.

கடைசி முப்பதில் இருபத்திரண்டு அடித்தேன். எண் சொன்னது பதினெட்டு. பதினேழாவது பந்தில் எட்டை நான் மூன்று என்று சொன்னேன் என நீ சண்டை போட்டாயே, அது நிஜமாகவே மூன்றுதான், பாலிஷ் வழிந்திருந்தது. பந்தைக் கவரில் வைத்து அனுப்ப முடியாது என்பதால் தப்பித்தாய்.

நீ பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவே இல்லை. அழுதாயா?

ரூபா


ஓசூர்
2.1.2026

ரூபா,

அழவில்லை. தோள் வலி. நான்கு நாள் இடது கையால் சாப்பாடு தூக்கு தூக்கினேன். ஆனால் அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது, இதை யாரிடமும் சொல்லாதே.

10-ம் தேதி லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. வர முடியாது. அதனால் ஒரு வேலை தருகிறேன். செலக்‌ஷன் நடக்கிற மைதானம் நான் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் எனக்கு எழுது: அங்கே மூன்றாம் பேஸ் பக்கம் என்ன இருந்தது? விவரமாக எழுதினால் நீ தோற்றாய் என்று புரிந்துகொள்வேன்.

அன்புடன்
சானியா


பர்கூர்
17.1.2026

சானியா,

மூன்றாம் பேஸ் பக்கம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மரமா, சுவரா, மாட்டு வண்டியா, எதுவும் தெரியாது. நீ வேண்டுமானால் ஒரு நாள் போய்ப் பார்த்துக்கொள்.

முதலில் இருந்து சொல்கிறேன். மைதானம் அணைப் பக்கம். காலையில் ஒரே பனி. கம்பி வலைக்குப் பின்னால் யாரோ துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்த்தால் அப்பா. என் ஆட்டத்துக்கு அவர் வந்தது இதுதான் முதல் தடவை. அம்மா துரத்திவிட்டாளாம். வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

முதல் இரண்டு தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடினேன். ஹெல்மெட்டுக்குள் மூச்சு விட்டு விட்டுக் கண்ணாடி முழுக்கப் புகை மாதிரி படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடி படிகிறது. ஒரு தடவை அவுட், ஒரு தடவை பந்து பேட் ஓரத்தில் பட்டு, முதல் பேஸ் வரை ஓடி நின்றேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. கண்ணாடியைக் கழற்றினால் கழுத்து மறுபடி திரும்பிவிடலாம். கழற்றாவிட்டால் பந்தே தெரியாது.

வலை ஓரம் போய் அப்பாவிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். "வெறுங்கண்ணோடயா ஆடப்போற?" என்றார். ஆமாம் என்றேன். வலையோரமாக நடந்து மைதானத்து மண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அப்புறம், "இங்க எதுவும் தெறிக்காதும்மா. நான் பாத்துட்டன். நீ பாத்து அடி" என்றார்.

சானியா, பந்து பேட்டில் படுவதை நான் பார்த்தேன். சிவப்புத் தையல் மேலே இருந்தது, கீழ்ப்பக்கம் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. தாடை வலது தோளில் இருந்தது. பந்து ஷார்ட் ஸ்டாப்பில் நின்றவளின் தலைக்கு மேலே போய் விழுந்து ஓடியது. இரண்டு பேர் ஓடி வந்து ரன் எடுத்தார்கள், நான் இரண்டாம் பேஸில் நின்றேன். திங்கட்கிழமை லிஸ்ட் போட்டார்கள். பதினாறு பேரில் பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. கூழ் கம்பெனியில் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் பொங்கல் முடியட்டும் என்று காத்திருந்தேன். உன் கண்ணாடி என்னிடம் இல்லை. அன்று அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர், மறுநாள் குவாரிக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். சாயங்காலம் வந்து கால் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாராம். அம்மா என்னவென்று கேட்டதற்கு அவர் சொன்னதை நான் லீவுக்கு வந்ததும் எனக்கும் சொன்னார்: "முப்பது வருசமா கல்லு பொளக்கறன். பொளந்துச்சான்னு சத்தத்த வெச்சித்தான் தெரிஞ்சிக்கினு இருந்தன். கோடு எப்பிடி ஓடுதுன்னு இப்பதான் பாத்தன்."

திருப்பிக் கேட்டேன். தர மாட்டேன் என்கிறார்.

ரூபா


ஓசூர்
21.1.2026

ரூபா,

உன் கடிதத்தைச் சாந்தம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனார். பழைய ஜோடிகளை எல்லாம் கேட்டுச் சண்டை போட்டு ஒன்பது வாங்கிவிட்டார். பார்சலில் இருக்கின்றன. ஒன்று உன் அம்மாவுக்கு, ஒன்று கரியப்பனுக்கு, மீதி கொட்டகையில் யார் யாருக்கு என்று உன் அப்பா முடிவு செய்யட்டும். உன்னுடையதை அவரிடம் திருப்பிக் கேட்காதே. உனக்கு இனி அது வேண்டாம்.

இன்னொன்று. உன் மாதேஸ்வரன் சார் எங்கள் கம்பெனி நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பிள்ளைகளுக்குப் பந்து வீச ஆள் வேண்டுமாம். சரி என்றேன். தொட்டியை அங்கேயே வைத்திருங்கள், நான் அதை நன்றாகப் பார்க்க வேண்டும்.

உன் நம்பரை எடுத்துவிட்டேன் பிளாக்கில் இருந்து. ஆனால் மாநிலப் போட்டியைப் பற்றிக் கடிதத்தில்தான் எழுத வேண்டும். போனில் நீ இவ்வளவு பார்க்கமாட்டாய்.

அன்புடன்
சானியா